வெள்ளி இல்லை

சாரத்திலிருந்து விழுந்தவனை
லேண்ட்குரூசரின் பின்சீட்டில் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.
துக்ம் துறைமுகம். இரவு ஒன்று நாற்பது.
ஹெல்மெட் தனியாக வந்தது,
முன்சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு.

பெயர் போலய்யா, ஊர் ஸ்ரீகாகுளம் பக்கம்.
இவ்வளவும் அட்டையில் இருந்தது.
மீதியை அவன்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் ஹாஷிம் சூடான்காரர். ஆங்கிலத்தில் கேட்டார்:
இன்று என்ன கிழமை?
நான் அதை இந்தியாக்கினேன்,
நாகர்கோவில் இந்தி, ஆணும் பெண்ணும் அதில் ஒரே பால்.
கூட வந்த பையன் தெலுங்காக்கினான்.
கேள்வி மூன்று கை மாறிப் போய்ச் சேர்வதற்குள்
போலய்யா கண்ணை மூடிவிட்டான்.
தோளைத் தட்டினேன். திறந்தான். என்னவோ சொன்னான்.
பதில் வந்த வழியே திரும்பி வந்தது:
"வெள்ளி இல்லை."

டாக்டர் தாளில் எழுதினார்:
பேச்சு, குழப்பம். ஐந்துக்கு நான்கு.

அலமாரியில் மஞ்சள் பெட்டி.
கெட்டில் வைக்க யாரோ சார்ஜரைப் பிடுங்கியிருந்தார்கள்,
பேட்டரியில் இரண்டு கோடு மிச்சம்.
டார்ச்லைட் அளவு இருக்கும் கருவி.
கண்ணுக்கு எட்டாத ஒரு சிவப்பை மண்டைக்குள் அனுப்பி
இடப்பக்கம் எவ்வளவு திரும்பியது
வலப்பக்கம் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கும்.
தேங்கிய ரத்தம் வெளிச்சத்தைக் குடித்துவிடும்.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
கிழமை கேட்காது.
தெலுங்கு வேண்டியதில்லை.

முடியை விலக்குவதுதான் பாடு.
மணல், பிரைமர் பெயிண்ட், காய்ந்த உப்பு.
சீப்பின் வால்முனையால் வகிடெடுத்து, வகிடெடுத்து
எட்டு இடம்.
நெற்றி, பச்சை.
உச்சி, பச்சை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் சூப்பர்வைசர்,
கையில் ஃபோன், கேமரா திறந்தபடி.

போன ரமலானில் நூருல் அமீன், வெல்டர்.
எட்டும் பச்சை.
திரையைப் படமெடுத்து அனுப்பிவிட்டு
ஐந்து மணி ஷிப்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.
ரத்தம் கசியவில்லை என்றுதான் அந்தப் பச்சை சொன்னது,
போ என்று சொல்லவில்லை.
யார் கேட்டார்கள்?
மூன்றாம் நாள் அவனுக்குத் தன் படுக்கை எண் தெரியவில்லை.
பிறகு டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்,
சைலட்டோ டாக்காவோ.

பிடரி, பச்சை.
கதவு கொஞ்சம் திறந்தது.

இடது பொட்டில் வைத்தேன்.
சிவப்பு.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
சிவப்பு.

எனக்கு நிம்மதியாக இருந்தது.
ஒருவன் மண்டைக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறது,
எனக்கு நிம்மதி.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

டாக்டர் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தார்.
காற்று தணிந்தால் ஹெலிகாப்டர்,
இல்லாவிட்டால் சாலை.
ஜூலைக் காற்று, தகரக் கூரையை
உருவி எடுக்கப் பார்த்தது.

பையன் என் கோட்டைத் தொட்டு மெதுவாகச் சொன்னான்:
சிஸ்டர், அண்ணன் உளறவில்லை.
எங்கள் கேம்பில் ரெண்டே நாள்தான்.
ஒன்று வெள்ளி,
இன்னொன்று வெள்ளி இல்லை.

தாளை எடுத்து நான்கை ஐந்தாக்கப் போனேன்.
ஹாஷிம் என் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.
"இருக்கட்டும், ஜெபசெல்வி.
நான்கு என்றால் சீக்கிரம் வருவார்கள்."
அதை அப்படியே விட்டேன்.

இரண்டே காலுக்குக் காற்று கொஞ்சம் அடங்கியது.
தூக்கிப் போனார்கள்.
ஹெல்மெட்டை யாரும் எடுக்கவில்லை.

கெட்டிலைப் பிடுங்கிச் சார்ஜரைச் செருகினேன்.
பதிவேட்டில் முதல் கட்டம் கிழமை.
செவ்வாய் என்று எழுதிவிட்டு
சந்தேகப்பட்டு ஃபோனைப் பார்த்தேன்.
புதன் பிறந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

எங்கள் எல்லோரிலும்
அவன் சொன்னதுதான் சரி.